சாமியைத் தெருவுக்கு அழைத்து வந்த தலைவரம்மா

கோவில்பட்டி பஸ் நிலையத்தில் நாகலாபுரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பருத்தி விதை வாங்க வந்திருந்த ஊர்க்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "கிளார்க்கண்ணாச்சி, சங்கதி தெரியுமா? தலைவரம்மா காலையில தவறிட்டாவ" என்றார்.

அவருக்குப் பிறகு எங்கள் ஊராட்சிக்கு வேறு தலைவர்கள் வந்துவிட்டார்கள். ஆனாலும் எந்தத் தலைவரம்மா என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அந்தப் பேருக்கு உரியவர் ஒருவர்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேச்சியம்மாள் கீழத்தெருவைச் சேர்ந்தவர். ஆடு வளர்க்கும் குடும்பம். கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. பெண்களுக்கு இடம் ஒதுக்கி உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது நின்று, வென்று, எங்கள் ஊராட்சியின் முதல் பெண் தலைவரானார். நான் மேலத்தெருக்காரன், ஊராட்சி எழுத்தர். என்னைவிட மூத்தவர்தான் என்றாலும் கடைசிவரை என்னை அண்ணாச்சி என்றே அழைத்தார்.

பதவியேற்ற முதல் நாள் அவருடைய கணவர் கோவிந்தனும் உடன் வந்திருந்தார். எல்லா ஊரிலும் நடப்பதுபோல அவரே போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சியம்மாள் வாசலில் நின்றபடியே, "ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டியளா?" என்று கேட்டார். அவர் விழித்தார். "வெயில் ஏறுதுல்லா. போய்க் காட்டிட்டு வாங்க" என்றார். அவர் எழுந்து போனார். அதன் பிறகு அந்த நாற்காலிப் பக்கம் அவர் வந்ததே இல்லை. இருவருக்கும் அதில் மனத்தாங்கலும் இருந்ததில்லை.

எங்கள் ஊரின் மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு பொத்தை இருக்கிறது. சிறிய பாறைக்குன்றுதான். உச்சியில் முருகன் கோவில். பாதி வழியில் ஒரு சுனை. சுனைக்கரையில் வள்ளியம்மனாக வணங்கப்படும் ஒரு நடுகல். எங்கள் மேலத்தெருவில் அதை வேலன் பொத்தை என்போம். முன்னோர் ஒருவர் கல் உடைக்கப் போன இடத்தில் வேல் கிடைத்தது என்பது எங்கள் கதை. கீழத்தெருவில் அது வள்ளி பொத்தை. பஞ்ச காலத்தில் அவர்களுடைய ஆடுகள் தேடிக் கண்ட சுனை அது. தாகம் தீர்த்தவள் வள்ளி. "வள்ளி இருந்த எடத்துக்குத்தான் முருகன் தேடி வந்தாரு. வந்தவரு பேரு எப்படி முந்தும்?" என்று அவர்கள் கேட்பார்கள். "கோவில் யாரு பேருல இருக்கோ அவரு பேருதான மலைக்கு" என்று நாங்கள் சொல்வோம். பல காலம் இது வெறும் வாய்ப்பேச்சாகத்தான் இருந்தது. சாலை என்று ஒன்று வந்தபோதுதான் வினையாயிற்று.

கரிசல் மண் மழையில் எப்படியாகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை வைத்தால் செருப்பு வராது, சக்கரம் இறங்கினால் வண்டி வராது. பேச்சியம்மாள் தலைவராவதற்கு முந்தைய ஐப்பசியில் அவருடைய மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வலி கண்ட அன்று அடைமழை. கூப்பிட்டு வந்த டிராக்டர் பாதி வழியில் புதைந்துவிட்டது. கட்டிலில் வைத்து நான்கு பேர் சுமந்துபோனார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அதைப் பேச்சியம்மாள் எந்த மேடையிலும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் தலைவரானதும் அவர் எழுதச் சொன்ன முதல் மனு சாலைக்குத்தான்.

மெயின் ரோட்டிலிருந்து ஊர் வழியாகப் பொத்தை அடிவாரம்வரை தார்ச்சாலை என்று திட்டம் வந்தது. சாலைக்கு மலையின் பெயரை வைப்பதாக ஏற்பாடு. உடனே இரண்டு தெருவிலிருந்தும் இரண்டு மனுக்கள் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்விட்டன. தலைவரம்மாவையும் என்னையும் கூப்பிட்டு அதிகாரி கேட்டார்: "உங்க ஊர்ல மலை ஒண்ணா, ரெண்டா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரே பெயரில் கிராம சபைத் தீர்மானம் வராவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும் என்றார் அவர். நல்ல மனிதர், உதவ நினைத்து, "ரெண்டும் வேண்டாம். வேலாயுதகிரின்னு கௌரவமா ஒரு பேரு வச்சிருங்களேன்" என்று யோசனையும் சொன்னார்.

"சார், கோவிச்சுக்கிடாதீங்க. அந்தப் பேரைச் சொல்லி எங்க ஊர்ல ஒருத்தரும் கும்பிட்டதில்ல. கூப்பிட்டுப் பழகாத பேருக்கு சாமி எப்படித் திரும்பிப் பாக்கும்?" என்றார் பேச்சியம்மாள்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கி, மண்பாதையில் ஊரை நோக்கி நடக்கும்போது, "அண்ணாச்சி, உங்க தெருவுல பேரை விடுவாவளா?" என்று கேட்டார். "விடமாட்டாங்க" என்றேன். "எங்க தெருவுலயும் விடமாட்டாவ" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கிராம சபை பள்ளிக்கூடத்து முற்றத்தில் கூடியது. தெருவுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தரப்பில் கோவில் தர்மகர்த்தா ராமசுப்பு அண்ணாச்சி பேசினார். கீழத்தெருவுக்குப் பேச்சியம்மாளின் கொழுந்தன் மாடசாமி பேசினார். தலைவர் தங்கள் தெருக்காரர் என்பதால் முடிவு தங்கள் பக்கம்தான் என்று அவர்கள் தைரியமாக இருந்தார்கள். எங்கள் ஆட்களோ அப்படி ஆனால் எழுந்து போய்விடுவதென்று முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

பேச்சியம்மாள் எழுந்து நின்று, "வேலன் பொத்தைன்னே எழுதுங்க அண்ணாச்சி" என்றார்.

மாடசாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "மதினி, நம்ம தெருவை வித்துட்டிய."

"பேரைத்தான் குடுக்கேன். வள்ளியைக் குடுக்கல. இருங்க, நான் இன்னும் முடிக்கல." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "தர்மகர்த்தா அண்ணாச்சி, பங்குனி உத்திரத்துக்கு சாமி சப்பரத்துல வருதாரு. மேலத்தெருவைச் சுத்திட்டு அப்படியே கோவிலுக்குத் திரும்பிருதாரு. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து தெரு மொனையில நின்னுதான் கும்பிடுதேன். பேரை நீங்க வச்சுக்கோங்க. அது பலகையில இருக்கும். சாமி எங்க தெருவுக்கு வரணும். ரெண்டையும் சேத்து எழுதணும்."

எங்கள் ஊரில் யாரும் அதுவரை வாய்விட்டுக் கேட்டிராத ஒன்றை அவர் கேட்டுவிட்டார். ராமசுப்பு அண்ணாச்சி கெட்டவர் அல்லர். ஆனால் வழக்கத்தை மாற்றப் பயந்தவர். நெடுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "உங்க தெருவுக்குத் திரும்புற முடுக்கு குறுகலும்மா. சப்பரம் திரும்பாது. தண்டு சுவத்துல இடிக்கும்" என்றார்.

"முடுக்கை நாங்க அகலமாக்குதோம்."

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. ராமசுப்பு அண்ணாச்சியின் மனைவிதான். "வரட்டுமே. நாலு வீடு கூட நடந்தா சாமிக்குக் காலா வலிக்கப் போவுது?"

முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஆண்களும் சிரித்தார்கள். ராமசுப்பு அண்ணாச்சி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம், "எழுதுய்யா" என்றார்.

அதற்குப் பேச்சியம்மாள் கொடுத்த விலை பெரிது. கீழத்தெருவில் பலர் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாடசாமி தன் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எருவுக்காக எல்லோருடைய ஆடுகளையும் சேர்த்துப் புஞ்சை நிலத்தில் கிடை போடுகிற காலத்தில், பேச்சியம்மாள் வீட்டு ஆடுகளை மட்டும் சேர்க்காமல் ஓட்டிப் போனார்கள். முடுக்கை அகலப்படுத்துவதாகச் சொன்னாரே, அதற்கு இடிக்க வேண்டியிருந்தது அவர்களுடைய ஆட்டுத் தொழுவத்துச் சுவரைத்தான். புருசனும் பெண்டாட்டியுமாக அவர்களே கடப்பாரையால் இடித்துக் கல்லை அள்ளினார்கள். உதவிக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணாச்சி. உங்க தெரு ஆளு வந்து இடிச்சா அது வேற பேச்சாயிரும்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

பங்குனி உத்திரம் வந்தது. எங்கள் தெரு ஆட்கள் சப்பரத்தைத் தோளில் தூக்கி வந்தார்கள். முடுக்கில் திரும்பும்போது எல்லோரும் தண்டையே பார்த்தார்கள். சுவரில் உரசாமல் திரும்பியது. கீழத்தெருப் பெண்கள் குலவை போட்டார்கள். கிழவர் ஒருவர் தன் வீட்டு வாசலில் சாமியைப் பார்த்துக் கும்பிட மறந்து நின்றார். பேச்சியம்மாள் கூட்டத்துக்குப் பின்னால், இடித்த சுவரின் ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மாடசாமி அவரிடம் வந்தார்.

"மதினி, தேங்காய் எங்க? சாமி நிக்குதாருல்லா."

அவர் வீட்டுக்குள் ஓடினார். தேங்காயோடு வெளியே வந்தபோது முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தார். மாடசாமிதான் வாங்கி உடைத்தார்.

சாலையும் வந்தது. முனையில் வேலன் பொத்தை என்று பலகை நட்டார்கள். கீழத்தெருவில் இன்றும் வள்ளி பொத்தை என்றுதான் சொல்கிறார்கள். அதைப் பற்றி இப்போது யாரும் சண்டை போடுவதில்லை. அடுத்த ஆண்டே எங்கள் தெருப் பெண்கள் சுனைக்கரை வள்ளிக்குத் தினைமாவு இடித்துக் கொண்டுபோனார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

அந்தச் சாலைக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். என் மனைவிக்கு வலி கண்டதும் ஒரு மழை நாளில்தான். வேன் எங்கள் வீட்டு வாசல்வரை வந்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். ஊருக்கு வந்ததும் பேச்சியம்மாள் பிள்ளையைப் பார்க்க வந்தார். மடியில் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் காலையே தடவிக்கொண்டிருந்தார். அவர் எதை நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். கடைசியில், பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று அவரிடம் கேட்டேன்.

"பேரு விசயத்துல இனிமே நான் வாயைத் தெறக்க மாட்டேன் அண்ணாச்சி. பட்டது போதும்" என்று சிரித்தார்.

வள்ளி என்று வைத்தோம். மேலத்தெருவில் அந்தப் பேருக்கு அவள்தான் முதல் பிள்ளை.

அடுத்த தேர்தலில் நிற்கச் சொல்லி இரண்டு தெருவும் கேட்டது. "கேட்டது கெடைச்சிட்டு. ஆட்டைப் பாக்க ஆளில்ல" என்று மறுத்துவிட்டார். அதன் பிறகு ஊராட்சி அலுவலகத்துக்கு அவர் ஒரு மனுவோடும் வந்ததில்லை. வழியில் கண்டால் மட்டும், "மழைக்கு ரோடு தாங்குதா?" என்று கேட்பார்.

நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது நீர்மாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இறந்தவரைக் கடைசியாகக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவது உறவுக்காரர் செய்கிற காரியம். மகள்களும் மருமகளும் குடத்தோடு முன்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், வரிசையில், எங்கள் தெருப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ராமசுப்பு அண்ணாச்சியின் மனைவிக்கு நடக்க முடியவில்லை. மருமகளைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னச் செம்போடு நின்றார். "நீங்க எதுக்கு?" என்று யாரும் கேட்கவில்லை. மாடசாமி வரிசையைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார்.

அத்தனை குடத்துத் தண்ணீரிலும் குளித்துவிட்டுத்தான் போனீர்கள் தலைவரம்மா. நிம்மதியாகப் போங்கள்.