ஓமேரின் வினிகர் வாளி

பால்மாடுகளை விற்றுவிட்டு ஓய்வு பெற்றது ஓமேர். ஓய்ந்துபோனது அவன் மனைவி மார்லீன். காலைக் காபி குடித்த வாய் காய்வதற்குள், உலோகம் தேடும் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு மனுஷன் கிளம்பிவிடுவான். உருளைக்கிழங்கு தோண்டி முடித்த வயல்களிலெல்லாம் காதில் ஹெட்போனோடு அலைவான். சாயங்காலம் திரும்பும்போது இடுப்பு வரைக்கும் களிமண் அப்பியிருக்கும். பொத்தான், பெல்ட் கொக்கி என்று தொடங்கியது, போகப்போகக் குண்டுகளில் வந்து நின்றது.

பாஸன்டேல் அவர்கள் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்குக் குண்டென்றால் பயம் கிடையாது. அதுதான் அவர்களைப் பிடித்த சனி. நூறு வருஷத்துக்கு முந்திய உலகப்போரில் வெடிக்காமல் புதைந்ததெல்லாம் ஒவ்வோர் உழவிலும் மேலே வரும். பால் கேன் வைக்கிற மாதிரி ரோட்டோர மின்கம்பத்தடியில் வைத்துவிட்டுச் சொல்லியனுப்பினால், ராணுவ வண்டி வந்து எடுத்துப் போகும். மார்லீனின் அப்பாவும் அப்படித்தான் செய்தார். ஓமேருக்கோ கொடுக்க மனசு வராது. கொட்டகையில் துரு போக வினிகர் வாளியில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று அடுக்கிவைப்பான். வெங்காய ஊறுகாய் போடலாமென்று மார்லீன் பார்த்தால் சமையலறையில் சொட்டு வினிகர் இருக்காது.

கெண்ட் நகரத்தில் இருக்கும் மகள் கிரீட்டுக்குப் பெண் குழந்தை பிறந்தபிறகு விவகாரம் முற்றியது. "கொட்டகை காலியாகற வரைக்கும் எம்புள்ள அந்த வாசல மிதிக்காது" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். மார்லீன் பஸ் பிடித்துப் போய்ப் பேத்தியைக் கொஞ்சிவிட்டு வருவாள். ஆனாலும் தன் வீட்டுத் தொட்டிலில் ஒரு நாளாவது தூங்கவைக்க வேண்டும் என்ற ஏக்கம் அவளை அரித்தது. "வா, வா" என்று மாதக்கணக்கில் மகளிடம் கெஞ்சினாள். புருஷனோடு சண்டை போட்டாள். அதற்கும் தெம்பில்லாமல் போனபிறகு பேசாமலே இருந்தாள்.

அந்த மௌனம்தான் ஓமேரை அசைத்தது. அவனே போலீசுக்குச் சொன்னான். ராணுவத்தார் வந்து கொட்டகையை வழித்தெடுத்துப் போனார்கள்; போகிற போக்கில் அவனைக் காய்ச்சி எடுத்துவிட்டும் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருகிறேன் என்றாள் கிரீட்.

சனிக்கிழமை மார்லீன் துவைக்க உட்கார்ந்தாள். களிமண் மெஷினை அடைத்துவிடும் என்பதால் ஓமேரின் கோட்டை எப்போதும் கையால்தான் கசக்குவாள். கோட்டில் பூண்டு வாடை அடித்தது.

"என்னய்யா, எவ வீட்டுல பூண்டு போட்ட சிப்பி தின்னுட்டு வந்த?"

"ஆமா, நீ ஆக்கிப் போடறதயே முழுங்க முடியல, இதுல இன்னொருத்தி வேறயா!"

"கிழவனுக்கு வாய மட்டும் பாரு!" என்று வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். அதே தொட்டியில் குழந்தைக்கான துணிகளையும் அலசி, காயவைத்து, தொட்டிலில் விரித்தாள்.

விடியும்போது கை எரிந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொதிநீர் பட்டதுபோல் கொப்புளங்கள். மார்லீன் அந்த ஊர்ப் பெண். சோப்பு இப்படிச் செய்யாது என்று அவளுக்குத் தெரியும்.

"ஓமேர், எதையாவது ஒளிச்சு வெச்சியா?"

அவன் ரொட்டித் தட்டையே பார்த்தான். "ஒண்ணே ஒண்ணு. வைக்கோலுக்குப் பின்னால வெச்சிருந்தேன். பித்தளை வளையம் கூட அப்படியே இருந்துச்சு மார்லீன், விட மனசு வரல. அவங்க போனப்பறம் வாளியில போட்டேன்."

"ஆட்டிப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"தளும்பிச்சா?"

ஆமென்று தலையசைத்தான். குண்டுக்குள் தளும்பினால் அது விஷவாயுக் குண்டு என்று பாஸன்டேலில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். கோட்டில் அடித்த பூண்டு வாடையும் அந்த வாயுவுடையதுதான்.

"கசியாதுன்னு நெனச்சேன்..." என்றான். ரப்பர் கையுறை போட்டிருந்த அவன் கையில் ஒரு கீறல் இல்லை. அடப்பாவி! கத்த வேண்டும் என்று அவளுக்கு இருந்தது, ஆனால் அதற்கு நேரமில்லை.

"போலீசக் கூப்பிடு. கொட்டகைப் பக்கம் போகாத" என்றாள். அப்போதுதான் தொட்டில் ஞாபகம் வந்தது. வாசலில் கார் ஹாரன் கேட்டது.

கைகளை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கிரீட் இறங்கி, பின்கதவின் பிடியில் கை வைத்திருந்தாள்.

"தொறக்காதடி! வண்டில ஏறு!"

"அம்மா, கைல என்னம்மா?"

"கிட்ட வராத! உங்கப்பன் ஒண்ண மறைச்சுட்டான். வாயுக் குண்டு. புள்ளைக்கு விரிச்ச துணிய உங்கப்பன் கோட்டு தொவச்ச தொட்டியிலதான் அலசியிருக்கேன். வீடு பூரா நான் தொட்டிருக்கேன். போ."

"உன்ன விட்டுட்டு எப்படிம்மா..."

"ஆம்புலன்ஸ் வரும். நீ போடி, எந்தங்கமே, போயிடு."

கண்ணாடிக்குப் பின்னால் நீலக் கம்பளிக் குல்லாவோடு குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. கார் பின்வாங்கித் திரும்பி, பெரிய ரோட்டில் ஏறியது. மாதக்கணக்கில் வா வா என்று கெஞ்சியவள், வாசல் வரை வந்த பேத்தியைத் தன் வாயாலேயே போகச் சொல்லிவிட்டாள்.