இரகசியத் தளத்தைக் கழுவிய கஜலக்சுமி

சுவிஸ் நாட்டு எங்கடின் மலைக்குள் பட்டாளம் கைவிட்ட சுரங்கம் ஒன்று இருந்தது. தொலைக்காட்சிக்குத் துப்பறியும் தொடர் எடுக்கிறவர்கள் அதற்குள் ஓர் இரகசிய இராணுவ ஆய்வுத்தளத்தையே கட்டிவிட்டார்கள். ஊசி விழுந்தால் அலறும் கதவு, பச்சையாய்க் கொதிக்கும் குழாய், ஆளை விழுங்கும் இயந்திரம். எல்லாம் அட்டையும் சாயமும்தான். அந்தப் பொய்க்குள் மெய்யாக வேலை செய்தவள் துப்புரவுக்காரி கஜலக்சுமி.

இலங்கையில் வாழைச்சேனைக்காரி, வயது ஐம்பத்தாறு. பேர்ண் நகரில் ஆசுபத்திரிச் சலவையறையில் பதினொரு வருடம், பிறகு மலை ஹோட்டல்களில் படுக்கை விரிப்பு. அவள் துடைத்த தரையில் எறும்பு வழுக்கிக் காலை முறித்ததாம். ஒரு கால்தான், மற்ற ஐந்தும் தப்பின.

புருஷன் செத்த வருடம் அவள் படுத்த பாயை விட்டு எழும்பவில்லை. அரசாங்க உதவியில் சாப்பிட்டாள். அது இப்போது விசாவுக்கு வினையாக வந்து நின்றது. பனிக்காலம் முடியும்வரை வேலை இருக்கிறது என்று முதலாளியின் கடிதம் திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் விசா புதுப்பிக்க மாட்டார்கள். இருபத்தாறு வருட வாழ்வு ஒரு தாளில் தொங்கியது. படப்பிடிப்பு மனேஜர் கடுஃப் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றிருந்தார்.

வியாழன் மாலை ஆய்வுக்கூடத்தில் கொலைக் காட்சியை எடுத்துவிட்டுக் கேக் வெட்டினார்கள். கேக் வெட்டினால் காரியம் முடிந்தது என்று கஜலக்சுமி நினைத்தாள். வெள்ளி விடிய வந்து, தரையில் கிடந்த இரத்தத்தை மூன்று வாளி சுடுநீர் ஊற்றி உரஞ்சி எடுத்தாள். போதாததற்கு, நல்ல நாளாச்சே என்று மஞ்சள் தண்ணீரும் தெளித்தாள்.

கோப்பியோடு வந்த சமையற்கார அருட்செல்வன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“அக்கா, இரத்தம் எங்கை?”

“துடைச்சிட்டன் மனே. ஏன்?”

“ஐயோ! எட்டு மணிக்குத் துப்பறியிறவர் வந்து பாக்கப்போறதே அந்த இரத்தத்தைத்தான்!”

“நேத்துக் கேக் வெட்டினாங்களே!”

“அது கமராக்காரன்ர பிறந்தநாள்!”

குசினிக்கு ஓடினார்கள். கொண்டுவந்து தரையில் ஊற்றிய பீட்ரூட் சாறு ஊதாவாக ஓடியது. தக்காளி சோஸைக் கலந்தாள், மிளகாய்த்தூளையும் போட்டாள்.

“குழம்புச் சட்டி கவிண்டு ஆள் செத்த மாதிரிக் கிடக்கு அக்கா,” என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பவும் துடைத்தாள்.

எட்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். கடுஃபின் முகம் செங்கல்லானது.

“வீட்டுக்குப் போ. கடிதமும் கிடையாது.”

எந்த வீட்டுக்கு? வாழைச்சேனையில் அவளுக்கு ஒரு கதவுகூட இல்லை. வாயில் வந்த அரைகுறை ஜெர்மனில் இயக்குநர் அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்.

“இரகசியத் தளம் எண்டுறீங்க. கொலை செஞ்சவன் விடியுமட்டும் இரத்தத்தை வைச்சுப் பாத்துக்கொண்டு இருப்பானோ? என்னைப் போல ஒருத்தியக் கூப்பிட்டுத் துடைக்க வைக்க மாட்டானோ?”

இயக்குநர் கதாசிரியரைப் பார்த்தார். கதாசிரியர் தரையைப் பார்த்தார். அதில் அவருடைய முகமே தெரிந்தது.

பத்து நிமிடத்தில் கதை மாறியது. தடயத்தை அழித்த துப்புரவுக்காரியைத் துப்பறிகிறவர் தேட வேண்டும். சூரிச்சிலிருந்து வந்த நடிகை ஒருத்தி துப்புரவுக்காரியாவாள். புது உடுப்புச் சரிவராது, கஜலக்சுமி பின்னால் முடிந்திருந்த தேய்ந்த வேலை மேலங்கிதான் வேண்டும் என்றார் இயக்குநர்.

“கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ,” என்றார் கடுஃப்.

கஜலக்சுமி மேலங்கியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

“கடிதத்தில கையெழுத்து வைச்சாத் தாறன்.”

விளக்குகள் எரிந்தன. நாற்பது பேர் காத்து நின்றார்கள். இயக்குநர் “கடுஃப்!” என்று ஒரு சத்தம் போட்டார்.

ஆளை விழுங்கும் இயந்திரத்தில் தாளை வைத்துக் கடுஃப் எழுதினார். எழுதிய வேகத்தில் அட்டை பொத்துக்கொண்டு போனது. கஜலக்சுமி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். பனிக்காலம் முடியும்வரை. தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள்.

பிறகு மேலங்கியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். விரல்கள் கேட்கவில்லை. நடிகைதான் பின்னால் வந்து அவிழ்த்துவிட்டாள்.