குரல் கொடுக்காமல் வைத்த தீ

எங்கள் பூலாம்பாடிப் பக்கம் மக்காச்சோளக் கதிரை ஒடித்து முடித்ததும், காய்ந்து நிற்கும் தட்டைக்குத் தீ வைப்பது வழக்கம். வைப்பதற்கு முன் காட்டின் நாலு மூலையிலும் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். "தீ வைக்கப் போறோம், உள்ள யாராச்சும் இருந்தா வெளிய வந்துடுங்க!" பதில் வரவில்லை என்றால்தான் தீப்பெட்டியை எடுப்பார்கள்.

பிறகு, தட்டையை எரிக்கக் கூடாது, எரித்தால் அபராதம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்குச் சந்தோஷம்தான். வருஷா வருஷம் அந்தப் புகையில் இருமிச் சலித்தவள் நான். பக்கத்துக் காட்டுக்காரர்தான் முணுமுணுத்தார். தட்டையை மடக்கி உழ டிராக்டர்காரன் பின்னால் யார் அலைவது என்பது அவர் கவலை. அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் காட்டில் புல் அறுக்க எனக்கு எப்போதும் தடை இருந்ததில்லை.

அன்றைக்கு மத்தியானமும் அப்படித்தான் போனேன். கிடேரிக் கன்றை வரப்பு வேம்பில் கட்டிவிட்டு, அரிவாளோடு தட்டைக்குள் நுழைந்தேன். என் தலைக்கு மேல் வளர்ந்த தட்டை. நடுக்காட்டில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தபோது சடசடவென்று சத்தம் கேட்டது. தூறலோ என்று நிமிர்ந்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது. அடுத்த நொடி புகை வந்துவிட்டது.

எந்தப் பக்கம் எரிகிறது என்றே தெரியவில்லை. கத்தினேன். தட்டை வெடிக்கிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடினேன். முகத்தில் அனல் அடித்தது. திரும்பி ஓடினேன், அங்கேயும் புகை. செத்தோம் என்றுதான் நினைத்தேன். வீட்டில் உலை வைக்காமல் வந்தது ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் அதுவா ஞாபகம் வர வேண்டும்!

அப்போதுதான் கிடேரி கத்தியது. விடாமல் கத்தியது. முழங்காலில் ஊர்ந்து அந்தச் சத்தத்தை நோக்கிப் போனேன். வரப்பில் வந்து விழுந்தபோது முந்தானை பாதி கருகியிருந்தது.

அண்ணன் எதிர்க்கோடியிலிருந்து ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆத்தாடி, நீ உள்ளயா இருந்த?"

"ஏண்ணே ஒரு குரல் குடுக்கல?" என்று அவர் துண்டைப் பிடித்து உலுக்கினேன்.

அதற்குள் புகையைப் பார்த்து வி.ஏ.ஓ. வண்டியில் வந்து இறங்கினார். "யாரு வச்சது?"

"இவருதான் சார். நான் உள்ள இருந்தேன்."

வி.ஏ.ஓ. அண்ணன் பக்கம் திரும்பினார். "எரிக்கக் கூடாதுன்னு சொன்னமா இல்லையா? அபராதம் கட்டித்தான் ஆவணும்."

"நான் உள்ள இருந்தேன்னு சொல்றேன் சார்."

என் முந்தானையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "தட்டை எரிச்சதுக்குத்தாம்மா அபராதம் போட முடியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் அண்ணனிடம் கேட்டேன். "ஏண்ணே குரல் குடுக்கல?"

அவர் என்னைப் பார்க்காமல் வி.ஏ.ஓ.வைக் காட்டினார். "கத்துனா இவங்க காதுல வுழுந்துடுமேன்னு பயந்துட்டேன் தங்கச்சி."

வி.ஏ.ஓ. தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஆளுக்கு ஓர் அறை விடத் தோன்றியது. விட்டுவிட்டு, கிடேரியை அவிழ்த்துக்கொண்டு நடந்தேன்.