ஒரே கவரில் இரண்டு காகிதம்

சென்ற வாரம் சேலத்தில், ஒரு பாங்கு ஏஜெண்டின் மேஜைக்கு முன்னால் திருட்டு முழி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருடவில்லை. சிக்கனம் செய்திருந்தேன் — அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். பொம்மிடியில் எங்கள் சகாய சங்கத்துக்கு நான் காரியதரிசி. ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்த முனுசாமிக்கு டிராலி கவிழ்ந்து வலது கால் போய்விட்டது, முழங்காலுக்கு மேலேயே. கேட் கீப்பர் வேலை ஒன்று காலி; தை முடிவதற்குள் இரண்டு காலில் நின்று காட்டினால் அது அவருக்குத்தான் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் ரயில்வே குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். மனைவி, மூன்று பெண்களோடு எங்கே போவார்?

முழங்கால் மடங்கும் செயற்கைக் கால் சீமையில் செய்கிறார்கள். அளவு எடுத்து அனுப்பினோம். விலை எழுதி வந்தது. காரிமங்கலம் சந்தையில்கூடத் துண்டை ஏந்திப் பணம் சேர்த்தோம். லண்டனுக்கு அனுப்ப டிராப்ட் கேட்டால், பாங்கில் இரண்டு கொடுத்தார்கள். ஒரே தொகை, ஒரே பெயர். ஒன்று முதல் பிரதி, மற்றது இரண்டாம் பிரதி. ஒன்று பணமானால் மற்றது செல்லாதாம்.

"தனித்தனியா, வேற வேற வாரத் தபால்ல அனுப்புங்க" என்றார் குமாஸ்தா.

தலையை ஆட்டினேன். ஏன் என்று கேட்டேனா? கேட்டால் படித்தவன் என்கிற கௌரவம் என்ன ஆவது?

ஊருக்கு வந்து யோசித்தேன். போகிற இடம் ஒன்றுதானே, எதற்கு இரண்டு தபால் செலவு? இரண்டையும் ஒரே கவரில் போட்டு ரிஜிஸ்டர் செய்துவிட்டேன். மிச்சம் பிடித்ததற்குக் கமிட்டியில் பாராட்டு வேறு...

மாதங்கள் போயின. கால் செய்கிற கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கால் தயார், பணம்தான் வரவில்லை. கடிதத்தோடு சேலத்துக்கு ஓடினேன்.

"அந்த வாரத் தபால் கப்பல் போய்ச் சேரலைங்க. யுத்த காலம் பாருங்க. ரெண்டாவது காகிதம் எதுக்குன்னு நினைச்சீங்க?" என்றார் ஏஜெண்ட். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு, பழையதை ரத்து செய்து, புதிதாக இரண்டு கொடுத்தார். ஆனால் இது போய், கால் வந்து சேர்வதற்குள் மாசி பிறந்துவிடும்.

என் காரியத்தில் மிச்சம் பிடித்தால் அது என் சாமர்த்தியம். இன்னொருவர் காரியத்தில் நான் பிடிக்கிற மிச்சத்துக்கு அவர் அல்லவா விலை கொடுக்கிறார்? சங்கப் பணத்தில் ஒரு தம்படி தொடாதவன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. யோக்கியன் என்பதாலேயே எல்லாம் தெரிந்தவன் என்றும் நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

முனுசாமியிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

"கேட் கீப்பர் வேலை போயிடுங்களா?"

"போனாலும் போகலாம். ஆபீசர்கிட்ட நானே போயி தவணை கேக்கறேன்."

"கேளுங்க. கால் வந்தா எங்கியாச்சும் நின்னுக்குவேனுங்க."

மறுநாள் தபாலாபீசுக்குப் போனபோது, கக்கத்தில் கட்டைகளை ஊன்றிக்கொண்டு அவரும் வந்தார். முதல் கவரை ரிஜிஸ்டர் செய்தேன். அடுத்த வாரத்துக்கான கவரைச் சட்டைப் பையில் வைக்கப் போனேன். முனுசாமி கையை நீட்டினார்.

"அதை இப்படிக் கொடுங்க. அடுத்த வாரம் நானே வந்து போட்டுடறேனுங்க."

காரியதரிசி ஆட்சேபிக்கவில்லை.