என் பெயரில் வந்த புயல்

என் பெயரை ஒரு புயலுக்கு வைத்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன பெயர் என்று நீங்களும் கேட்காதீர்கள்.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். அந்தப் புயல் வந்த வாரம் டிவிக்காரர்கள் நாள் முழுக்க என்னைப் பற்றியே பேசினார்கள்: வலுப்பெற்றது, நகராமல் நிற்கிறது, கரையைக் கடந்தது. எங்களுக்குக் கிடைத்தது என்னவோ அரை மணி நேரத் தூறல். கட்டிங் மாஸ்டருக்குத்தான் கொண்டாட்டம். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால், "ஏனுங்க, வழியில வலுவிழந்துட்டீங்களா?" என்பார். டீக்கு எழுந்தால், "கரையக் கடக்கறாங்க, எல்லாரும் ஒதுங்குங்க!" என்பார். நானும் சிரித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புயலுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று ஒரு நாள் செல்போனில் தேடிப் படித்தேன். அமெரிக்கப் பக்கத்துக் கடலில் ஆறு பட்டியல் வைத்துச் சுழற்றுகிறார்களாம். ஒரு பெயர் ஆறு வருடம் கழித்துத் திரும்ப வரும். பெரிய நாசம் செய்த பெயரை மட்டும் எடுத்துவிட்டு வேறு போடுவார்கள். நம் கடலில் அந்தப் பேச்சே இல்லை. பதிமூன்று நாடுகள் கொடுத்த பெயர்கள் வரிசையாக வரும். ஒரு முறை வந்ததோடு சரி. சரிசெய்து திரும்ப அனுப்பும் பீஸை நாங்கள் ஆல்டர் என்போம், தேறாததை ரிஜெக்ட் என்போம். அங்கே ஆல்டராவது உண்டு, இங்கே நேராக ரிஜெக்ட்! எனக்கு எரிச்சலாக வந்தது. இதில் ஒரு விதி வேறு: பெயர் யார் மனதையும் புண்படுத்தக் கூடாதாம்.

சில வருடம் கழித்து, டெல்டா பக்கத்திலிருந்து ஒருத்தி என் மேஜைக்கு வேலைக்கு வந்தாள். வேலையில் கெட்டி, ஒரு எண்ணெய்க் கறை அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் என்னைப் பெயர் சொல்லி மட்டும் கூப்பிட மாட்டாள். மற்றவர்கள் பெயரோடு அக்கா சேர்த்து அழைப்பார்கள். இவள் "இந்தாங்க" என்பாள், இல்லாவிட்டால் மேஜையைத் தட்டுவாள். திமிர் என்று நினைத்தேன். இரண்டு மாதம் பொறுத்து, எல்லார் முன்னாலும் வெடித்தேன்.

"ஏங்கண்ணு, எனக்குப் பேரில்லையா? சொன்னா வாயி வெந்துருமா?"

அவள் கையிலிருந்த பீஸை மடித்து வைத்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. அந்தப் பேருல வந்ததுதான் எங்க வீட்டுச் சுவத்தத் தள்ளுச்சு. உள்ள எங்கம்மா படுத்திருந்துச்சு. தினமும் சொல்லிப் பாக்குறேன், வரமாட்டேங்குது."

பக்கத்தில் நின்ற கட்டிங் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அரை மணி நேரத் தூறல் என்று சிரித்தவள் நான். "செரி கண்ணு, வெறும் அக்கான்னே கூப்புடு" என்றேன். மறு வாரத்துக்குள் மேஜையில் எல்லாரும் அப்படியே அழைக்க ஆரம்பித்தார்கள்.

போன மழைக்காலத்தில், சாப்பாட்டு நேரத்தில் யாரோ செல்போனில் செய்தி போட்டார்கள். புதுப் புயல், புதுப் பெயர். சோற்றில் வைத்த அவள் கை அப்படியே நின்றது.

"அக்கா, இந்தப் பேருல நம்ம கம்பெனியில யாராச்சும் இருக்காங்களா?"

கட்டிங், அயர்ன், பேக்கிங் என்று ஒவ்வொரு முகமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

"இல்ல கண்ணு, யாருமில்ல."

அதன் பிறகுதான் அவள் சோற்றைப் பிசைந்தாள்.