"பேரைச் சொல்லுங்கோ" என்று கேட்டவர்

சீனன்குடாச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றபோதுதான் செய்தி வந்தது. "மரியதாஸ் அண்ணர் விடியப்புறம் நெஞ்சு நோவில போயிட்டார்" என்றார் முன்னால் நின்றவர். அடையாள அட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். வரிசையை விட்டு விலகி அழவும் முடியாத காலம் இது.

துறைமுகத்தில் நாங்கள் இருவரும் எழுதுவினைஞர்கள். சாப்பாட்டு மேசையில் அவருக்கு நாங்கள் வைத்த பட்டம் 'அப்புக்காத்து', அதாவது வழக்கறிஞர். சண்டைக்குப் பயந்து ஊரில் பலர் பிள்ளைகளைப் படிக்கவென்று வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். "மாணவர் விசாவில போறவையள் ஒருத்தரும் படிக்கிறேல்ல, எல்லாம் கள்ளம்" என்று யாராவது தொடங்கினால் போதும், சோற்றுக் கையோடு நிமிர்ந்துவிடுவார்.

"கள்ளம் செய்யிறவையும் இருக்கினம், இல்லையெண்டு நான் சொல்லேல்ல. நீங்கள் எத்தனை பேரைக் கண்டனீங்கள்? பேரைச் சொல்லுங்கோ."

ஆளுக்கொரு கதை சொல்வார்கள். விசாரித்துப் பார்த்தால் எல்லாக் கதையிலும் ஒரே ஆள்தான்: லண்டன் போய், கல்லூரிப் பக்கம் தலைகாட்டாமல் பெற்றோல் செட்டில் வேலைக்கு நின்ற உப்புவெளிப் பையன். ஒருவர் அவனை மூதூரில் பிறக்க வைப்பார், இன்னொருவர் அவனுக்குக் கல்யாணமே கட்டி வைப்பார். "பாவம், அந்தப் பெடியன் ஒருத்தனே எத்தனை பேராய்த் திரியிறான்" என்று அண்ணர் சிரிப்பார்.

பிறகு அவருடைய மகள் ஜெனிற்றாவுக்கே லண்டனில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்தது. கொழும்பில் நேர்முகம். "கேட்டதுக்கு உண்மையைச் சொல்லு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். படிப்பு முடிந்ததும் திரும்பி வருவீர்களா என்று கேட்டார்களாம். "சண்டை முடிஞ்சால் வருவன்" என்றிருக்கிறாள். உண்மையான மாணவி இல்லை என்று விசாவை மறுத்துவிட்டார்கள்.

"பொய் சொல்லியிருந்தால் போயிருப்பாள், என்ன?" என்று என்னிடம் கேட்டார். அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் யார் எதைச் சொன்னாலும் அவர் வாய் திறக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பெரிய வேதனையாக இருந்தது.

ஊரடங்குக்கு முன் அடக்கம் செய்ய வேண்டும் என்பதால் செத்தவீட்டில் எல்லாமே அவசரம். பந்தலில், வெளியூரிலிருந்து வந்த தூரத்து உறவினர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒண்டும் கள்ள மாணவியெண்டு கொழும்பில பிடிபட்டதாம்."

கோப்பித் தட்டோடு அவர் முன்னால் நின்றவள் ஜெனிற்றா.

"அந்தப் பிள்ளையை நீங்கள் கண்டனீங்களோ, மாமா?"

"இல்லைப் பிள்ளை, சனம் கதைச்சது."

"இப்பக் கண்டிட்டீங்கள். கோப்பியை எடுங்கோ."

அண்ணர், அதைக் கேட்க நீங்கள் இல்லை. எங்களால் முடிந்ததெல்லாம் உங்கள் பெட்டியைச் சேமக்காலை வரை தோளில் சுமந்தது மட்டும்தான். போய் வாருங்கள்.