ஒரு ஜி.டி. காரும் நூறு பீங்கான் கிளிகளும்

நண்பன் கதிர் கார் வாங்கியதால் இந்தப் பயணம். அவனுடைய அக்கா வசந்திக்கு நிச்சயதார்த்தம் என்பதால் இந்தத் தேதி. இரண்டுக்கும் நடுவில் நான்.

வெள்ளிக்கிழமை. காலை 6.10. புதுச்சேரி.

கார் பழையது. சிவப்பு. இரண்டே சீட். உள்ளே உட்காருவது என்பது கிட்டத்தட்ட தரையில் உட்காருவது. கதிரின் ஐந்து வருடச் சேமிப்பு அதில் போயிருந்தது. பின்பக்கம் வெள்ளி நிறத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள்: ஜி, டி.

"கிராண்ட் டூரர்டா," என்றான் கதிர். "நெடுந்தூரத்துக்குன்னே செஞ்சது. ஸ்போர்ட்ஸ் கார்னு யாராவது சொன்னா நம்பாத."

யாரும் சொல்லவில்லை. வசந்தி அக்கா மட்டும் சொல்லியிருந்தார். கார் வந்து இரண்டு மாதம். அவர் ஒரு தடவைகூட ஏறவில்லை. அவர் போட்ட நிபந்தனை இது: மாலை ஆறு மணி நிச்சயத்துக்கு, தாம்பூலப் பையில் போட நூறு பீங்கான் கிளிகள் விருத்தாசலத்தில் தயாராக இருக்கின்றன. அவற்றை இந்தக் காரில் ஒன்றுகூட உடையாமல் கொண்டுவந்தால், மண்டபத்திலிருந்து வீட்டுக்கு இந்தக் காரில் வருவார். உடைந்தால் காரை விற்கிற பேச்சு.

அவர் ஏறுவதுதான் கதிருக்கு முக்கியம். வேறு யார் ஏறினாலும் கணக்கில் இல்லை. நான் ஏறியதுகூட.

கடலூர், வடலூர், நெய்வேலி வழியாக மீட்டரில் 84 கி.மீ. சாலையின் ஒவ்வொரு ஒட்டும் முதுகில் பதிந்தது. வடலூர் தாண்டியதும் ஒரு வளைவு. கதிர் அதை அனுபவித்தான். முகத்தில் அப்படி ஒரு அமைதி. நான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரே வளைவு. இரண்டு வேறு பயணங்கள்.

8.40-க்கு விருத்தாசலம். ஆலடி ரோட்டுப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. பட்டறைக்காரர் செல்வி அக்கா, ஐம்பது வயதிருக்கும். நாலு அட்டைப்பெட்டி, வைக்கோல் திணித்து, கட்டுப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். காரைப் பார்த்தார். குனிந்தார். இன்னும் குனிந்தார்.

"தம்பி, வண்டி பஞ்சரா?"

"இல்லக்கா, இதோட உயரமே இதுதான்."

"அப்பிடிங்களா."

அவர் பெட்டியைக் கொடுக்கவில்லை. உள்ளே போய் ஒரு கிளியோடு வந்தார். சாம்பல் நிறம். காய்ந்தது, ஆனால் சூளைக்குப் போகாதது. புது வண்டி எது வந்தாலும் அந்தப் பட்டறையில் இதுதான் வழக்கமாம்: சுடாத பொம்மை ஒன்றை ஒரு கைப்பிடி வைக்கோல் மேல் சீட்டில் வைத்து, மெயின் ரோட்டு டீக்கடை வரை போய்த் திரும்ப வேண்டும். 700 மீட்டர். மூன்று வேகத்தடை.

"சுடாதது முழுசா வந்துச்சுன்னா, சுட்டதை ஏத்துவேன். எங்க வூட்டு வண்டியானாலும் இப்பிடித்தாங்க."

கதிர் சிரித்துக்கொண்டே போனான். நாலு நிமிடத்தில் சிரிக்காமல் வந்தான். கிளியின் தலை கால்மிதியில் கிடந்தது.

இரண்டாவது கிளி. இந்தத் தடவை மெதுவாக. வேகத்தடையில் காரின் வயிறு உரசிய சத்தம் பட்டறை வரை கேட்டது. செல்வி அக்கா காதைப் பொத்திக்கொண்டார். வால் போயிற்று.

மூன்றாவது. என் மடியில். பிழைத்தது.

"பாத்தீங்களாக்கா!" என்றான் கதிர்.

"பாத்தேன். அது அந்தத் தம்பியோட மடி. நாலு பெட்டிக்கு எத்தினி மடி வச்சிருக்கீங்க?"

கதிர் டிக்கியைத் திறந்தான். ஒரு பெட்டி போனது. அதற்கே டிக்கி மூடவில்லை.

செல்வி அக்கா பின்னால் வந்து அந்த எழுத்துகளைத் தொட்டுப் பார்த்தார். "இது என்னா?"

கதிர் விளக்கினான். கிராண்ட் டூரர் என்றால் வேகமும் இருக்கும், சொகுசும் இருக்கும். மெத்தென்ற ஸ்பிரிங். அகலமான சீட். பெட்டி படுக்கைக்கு இடம். நாள் முழுக்க ஓட்டினாலும் இறங்கும்போது ஆள் புதுசாக இருப்பான். ஸ்போர்ட்ஸ் கார் அப்படி இல்லை. எடை குறைவு, ஸ்பிரிங் இறுக்கம், உயரம் கம்மி. வளைவுக்காகச் செய்தது. சாமான் அதன் கவலை இல்லை.

சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"ரெண்டாவதா சொன்னீங்களே," என்றார் செல்வி அக்கா, "அது இந்த வண்டிங்களா?"

எழுத்தின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. காரை முன்பு வைத்திருந்தவர் தானாக ஒட்டியது. என் முதுகுக்கு இது ஏழு மணிக்கே தெரியும். நான் சொல்லவில்லை. நண்பன்.

கிளிகள் பத்தரை பஸ்ஸில் என்று முடிவானது. அந்தப் பட்டறைச் சரக்கு வாராவாரம் போகிற வண்டி. செல்வி அக்கா பஸ் நிலையம் வரை வந்து இடம் காட்டினார். "சக்கரத்துக்கு மேல வைக்காதீங்க. நடு சீட்டுக்கு அடியில. அங்கதான் குலுங்காது." பிழைத்த மூன்றாவது கிளியை என் கையில் கொடுத்தார். "இதையும் மடியில வச்சிக்குங்க. போய்ச் சேந்ததும் எப்பிடி இருக்குதுன்னு போன் பண்ணுங்க."

எனக்கு டிக்கெட் 75 ரூபாய். நாலு பெட்டிக்கு லக்கேஜ் 80. ஜன்னல் ஓரம். காலை நீட்டினேன். அன்றைக்கு முதல் தடவையாக.

கதிர் முன்னால் போயிருக்கலாம். போகவில்லை. பெட்டிகளை விட்டுப் போக மனசு வரவில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தான். பஸ் நின்ற இடத்தில் எல்லாம் நின்றான். நெய்வேலியில் காய்கறிக் கூடையோடு ஒருவர், இது என்னவோ அடுத்த வண்டி என்று நினைத்து, ஜன்னலில் குனிந்து "வடலூர் போவுமா?" என்று கேட்டதாகப் பிறகு சொன்னான்.

நடத்துநர் என் பக்கத்தில் வந்தார். "ஏம்ப்பா, அந்தச் செவப்பு வண்டி யாரு? விருத்தாசலத்துலேர்ந்து தொடர்ந்து வருது."

"எங்க ஆளுதாங்க. காவலுக்கு."

"உனக்கா?"

"கிளிக்கு."

அவர் என் மடியைப் பார்த்தார். அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

குறிஞ்சிப்பாடியில் கதிரிடமிருந்து போன். "டேய், எப்படி இருக்குது?"

"தூங்கப் போறேன்."

"உன்னக் கேக்கல."

1.35. புதுச்சேரி பஸ் நிலையம். மண்டபம் 2.6 கி.மீ. ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தோம். இருபத்தைந்தும் முழுசு. இங்கிருந்தாவது காரில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கலாம், வழியெல்லாம் காரில்தான் வந்தது என்று சொல்லிவிடலாம். அவன் அதை யோசித்தான். தெரிந்தது. டிக்கியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், பிறகு சாவியை என் கையில் வைத்தான்.

"நீ காரை எடுத்துட்டு வா. நான் ஆட்டோவுல போறேன்."

ஆட்டோ 100 ரூபாய். இரண்டு பெட்டி மடியில், இரண்டு காலடியில். அவன் முகம் தெரியவில்லை.

எனக்கு ஓட்டுநர் உரிமம் உண்டு. அனுபவம் இல்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்குக்கு வேண்டும் என்பதால் சுடாத கிளியைப் பக்கத்து சீட்டில், வைக்கோல் மேல் வைத்தேன். மண்டபத்து வாசலில் ஒரு வேகத்தடை.

நான் உள்ளே போனபோது வசந்தி அக்கா கடைசிப் பெட்டியை எண்ணி முடித்திருந்தார்.

"நூறும் இருக்குது," என்றார். "கார் எங்கடா?"

"இவன் எடுத்துட்டு வந்துட்டான்," என்றான் கதிர். "கிளி பஸ்ஸுல வந்துதுக்கா. இதுல வரல. இது நான் சொன்ன வண்டி இல்ல."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் வைக்கோல். பிறகு என் கையைப் பார்த்தார். உடல் ஒரு கையில். தலை ஒரு கையில். "இது சுடாததுக்கா," என்றேன்.

செல்வி அக்காவுக்குப் போன் செய்தேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம் தாங்கியது, காரில் கடைசி வேகத்தடையில் போய்விட்டது என்றேன்.

"வண்டி மேல தப்பில்லீங்க," என்றார். "ஆளுங்க மட்டும் ஏறுங்க."

இரவு நிச்சயம் முடிந்து, அக்கா தானாகவே வந்து கார் கதவைத் திறந்தார். பட்டுப்புடவையோடு அவ்வளவு கீழே இறங்கி உட்கார ஐந்து நிமிடம் ஆனது. மூன்று பேர் உதவினார்கள்.

"பஸ்ஸுல வந்ததுன்னு நீயே சொன்னியே, அதுக்காகத்தான் ஏறுறேன்," என்றார். "மெதுவா ஓட்டு. நானும் இன்னும் சுடாதவதான்."

கதிர் மீட்டரில் பத்தைத் தாண்டவில்லை. நான் பின்னால் நடந்தே போனேன். பெரிதாகப் பின்தங்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பட்டறைகள் காலையிலேயே திறந்துவிடுகின்றன. ஒன்பது மணிக்குள் போனால் உச்சி வெயிலுக்கு முன் கிளம்பிவிடலாம். கிளி ஒன்று 40 ரூபாய், நூறு வாங்கினால் குறைப்பார்கள். வைக்கோல் கட்டைப் பிரித்துப் பார்க்க ஆசை வரும். பிரிக்காதீர்கள். பஸ்ஸில் நடு சீட்டு. கார் பற்றி: வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பது போதாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தும் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறவனுக்காக. கிராண்ட் டூரர் மற்ற எல்லாருக்காகவும், பெட்டிகளுக்காகவும். நான் பார்த்த வரையில் அப்படி ஒன்று விருத்தாசலத்திலிருந்து பத்தரைக்குப் புறப்படுகிறது.

மறுநாள் கதிர் அந்த எழுத்துகளைப் பிய்த்து எடுத்தான். இத்தனை வருட வெயிலில் சுற்றிலும் வெளுத்துவிட்டது. எழுத்து இருந்த இடம் மட்டும் புதுச் சிவப்பு. தெருக்கோடியிலிருந்தே படிக்கலாம்.